மனதுக்குள் ஜெபிக்கச் சொன்னவள்

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒன்பது வருஷம் ஒரு சபை கூடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் வீட்டுக்காரரும் சோபாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படுக்கையறைக்குள் தள்ளுவோம். டிவி மேல் ஒரு துணியைப் போடுவோம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாக. நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் வெள்ளைத் துணி, ஒரு தட்டில் அப்பம், ஒரு டம்ளரில் திராட்சை ரசம். மைக் கிடையாது, மேடை கிடையாது, போதகர் கிடையாது. கர்த்தர் மட்டும் போதும் என்று சொல்லிக்கொண்டோம்.

அதற்கு முன்னால் நாங்கள் போய்க்கொண்டிருந்தது கோயமுத்தூர் டவுனில் இருக்கிற ஒரு பெரிய சர்ச். என் அப்பா அம்மாவுக்கு அங்கேதான் கல்யாணம் நடந்தது, எனக்கும் அங்கேதான். கமிட்டி எலக்‌ஷன் வந்த வருஷம் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு ஞாயிறு ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் வராண்டாவில் அடிதடி. பாடகர் குழுவில் எனக்குப் பின்னால் நிற்கிற ஒருவர், போட்டிருந்த வெள்ளை அங்கியோடு, இன்னொருவர் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கேட்டுக்கு வெளியே போலீஸ் வேன் நின்றது. அதைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்து, மண்டியிட்டு, எழுந்து வந்தோம். பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர், "இனி நான் வரலீங்க" என்றார். அவர் என்னிடம் எப்போதும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை.

எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்கள் வெளியே வந்தன. அதில் ஒருவர் பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். சாந்தமான மனுஷர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அவர்தான் சொன்னார்: "இன்னொரு சர்ச்சைத் தேடிப் போக வேண்டாமுங்க. ஆதியில எப்படிக் கூடினாங்கன்னு வேதத்தைத் தொறந்து பாப்போம். இருக்கறத மட்டும் செய்வோம். இல்லாதத விட்டுருவோம்."

எனக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது சொன்னால் நம்புவது கஷ்டம். நான் மேல்நிலைப்பள்ளியில் தமிழ் டீச்சர். வரி வரியாக ஒன்றைப் படித்து, இது சொல்லியிருக்கிறது, இது சொல்லவில்லை என்று பிரிப்பதுதான் என் தொழில். ஆறேழு வாரம் புதன்கிழமை சாயங்காலங்களில் மூன்று குடும்பமும் எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து படித்தோம். நான் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். வீடுகளில் கூடினார்கள். வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்டார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து சாப்பிட வேண்டும், முந்திக்கொண்டு தின்னக் கூடாது. பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், அழுக்குத் துணிக்காரனுக்குத் தரை என்று உட்கார வைக்கக் கூடாது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும். கூடி வருகிற ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும், ஒரு பாட்டோ ஒரு வார்த்தையோ. அதை மற்றவர்கள் கேட்க வேண்டும்.

பெண்கள் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்கிற இடமும் வந்தது. வராமல் எப்படி இருக்கும். எல்லாரும் கொஞ்சம் சங்கடமாகப் பார்த்துக்கொண்டார்கள். நான்தான் அப்போஸ்தலர் எழுதின அதே நிருபத்தில், அதே கடிதத்தில், முன்னால் இருக்கிற ஒரு இடத்தைக் காட்டினேன். பெண் ஜெபம்பண்ணும்போது எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஜெபமே பண்ணக் கூடாதென்றால் எப்படிப் பண்ண வேண்டும் என்று எதற்காகச் சொல்கிறார் என்று கேட்டேன். பெரியவர் இரண்டு இடத்தையும் மாற்றி மாற்றிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "சிஸ்டர் சொல்றது சரிதானுங்க" என்றார். நோட்டில் எழுதினேன்: ஆண் பெண் யாவரும் வாய்விட்டு ஜெபிக்கலாம்.

முதல் மூன்று வருஷம் நன்றாக இருந்தது. அதை இல்லையென்று சொன்னால் பாவம். சனிக்கிழமை சாயங்காலம் நான் அப்பத்துக்கு மாவு பிசைவேன். மறுநாள் அதே அப்பத்தைப் பதினைந்து பேர் பிட்டுச் சாப்பிடும்போது, பெரிய சர்ச்சில் முப்பது வருஷம் நற்கருணையாக வாயில் வாங்கிய மெல்லிய வட்டத்தில் கிடைக்காதது ஏதோ கிடைத்த மாதிரி இருந்தது.

அந்த நாட்களில்தான் அவள் வந்தாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருந்தாள். மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை. செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிச் சுற்றி மோட்டாருக்குள் இறக்குகிற வேலை அது. விரல் நுனியெல்லாம் வெட்டு வெட்டாக இருக்கும். அவள் புருஷன் எங்கேயோ போனவன் திரும்பி வரவில்லை. காலையில் நானும் அவளும் ஒரே ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்போம். பேசிப் பேசிப் பழக்கமாகி, ஒரு நாள் அவளே, "டீச்சருங்க, ஞாயித்துக்கெழமை உங்க ஊட்டுல பாட்டுச் சத்தம் கேக்குதுங்களே, நானும் வரட்டுங்களா" என்றாள். வா அம்மணி என்றேன். வந்தவள் சுவரோரம் தரையில் உட்காரப் போனாள். பெரியவர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு வேறொன்று எடுத்துக்கொண்டார். அதையும் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பிறகு நடந்ததெல்லாம் இவ்வளவு கசந்திருக்காது.

அவளை எல்லாரும் வைண்டிங் சிஸ்டர் என்று கூப்பிட்டோம். அவளுக்கு எங்கள் ஜெப பாஷை வரவில்லை. நாங்களெல்லாம் கடவுளை ‘நீர்’ என்றும் ‘உம்மை’ என்றும் சொல்லிப் பழகியவர்கள். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த பாஷை. அவள் கடவுளுக்கும் ‘ங்க’ போட்டாள். அவள் முதல் முறை வாய் திறந்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஆண்டவருங்க, இந்த வாரம் எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சுங்க. ஓனர் எல்லாத்துக்கும் முன்னால வெச்சுப் பேசிப்போட்டாருங்க. நான் கட்டுன காயில் எரிஞ்சது என் தப்பு இல்லீங்க. உங்களுக்குத் தெரியும். நீங்க பாத்துட்டுச் சும்மா இருந்தது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க. செரி. இங்க வந்து இவங்க மொகத்தப் பாத்ததும் பரவால்லைங்க. ஆமென்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கண்ணைத் திறந்து பார்த்தேன். பெரியவர் அழுதுகொண்டிருந்தார். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அவர் அவளிடம் போய், எந்தப் பட்டறை, எப்படி எரிந்தது என்று விசாரித்தார். அவர் எலக்ட்ரிகல் வாத்தியார். மறுநாளே பட்டறைக்குப் போய் ஓனரிடம் பேசி, மோட்டாருக்குள் வைக்க வெளியிலிருந்து வந்த லாமினேஷன் தகடுதான் கோளாறு என்று எடுத்துக் காட்டினார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அவள் ஜெபத்தில் அந்த வாரம் முழுக்க வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி சண்டை, தண்ணீர் வராதது, கை வீக்கம். நாங்களும் மெல்ல அப்படிப் பேசக் கற்றுக்கொண்டோம். என் வீட்டுக்காரரே ஒரு நாள் தன் வேலை போய்விடும் என்கிற பயத்தை அங்கேதான் முதலில் சொன்னார். என்னிடம்கூட அதற்கு முன் சொல்லியிருக்கவில்லை.

பிறகு ஆட்கள் கூடினார்கள். இரும்பு வார்க்கிற பவுண்டரி வைத்திருந்த ஒரு முதலாளி குடும்பம் வந்தது. வேறொரு கண்டிப்பான சபையில் வளர்ந்த ஒரு குடும்பம் மாற்றலாகி எங்கள் பக்கம் வந்தது. நாற்காலி வட்டம் போதாமல் இரண்டு வரிசையானது, பிறகு எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி ஆனது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் என்பதை யாரும் சொல்லவில்லை, அப்படியே அமைந்தது. ஒரு மே மாதம் பெரியவர் குன்னூரில் நடந்த வேதப் பாட முகாமுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து அவர் பேச்சில் ‘ஒழுங்கு’ என்கிற வார்த்தை அடிக்கடி வர ஆரம்பித்தது. சபையின் ஒழுங்கு. கர்த்தர் வைத்த ஒழுங்கு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சகோதரர்கள் மட்டும் எங்கள் ஹாலில் கூடினார்கள். எட்டுப் பேர். நான் டீ கொண்டுபோனபோது பேச்சு நின்றது. என் வீட்டில், என் டம்ளர்களை வைத்துக்கொண்டு, நான் போவதற்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்து, "அந்த நோட்டு எங்கீங்க?" என்றார். அலமாரியில் என் பாடக்குறிப்புகளோடு இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு நோட்டைத் திறந்து பார்த்தேன். ஸ்கேல் வைத்து ஒரு வரியை நேராக அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே என் வீட்டுக்காரர் கையெழுத்தில், ‘சகோதரிகள் சபையில் அமைதியாயிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.’ அவருக்கு அழகான கையெழுத்து. அவர் வேலை பார்த்த பவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ரிப்போர்ட் எழுதி எழுதி வந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று கேட்டேன்.

"நான் என்ன சொல்றது. வேதத்துல இருக்குது."

"அன்னிக்கும் இருந்துச்சு."

"அன்னிக்கு நமக்கு வெளிச்சம் பத்தலீங்க." சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார். பெரியவர் சொன்னதை அப்படியே சொல்கிறார் என்று அந்த ‘வெளிச்சம்’ காட்டிக்கொடுத்தது. "உங்களுக்குப் புரியும்னு நெனச்சேன். உங்கள விட வேதம் தெரிஞ்சவங்க அங்க யாரு இருக்காங்க?"

அது புகழ்ச்சியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் அடங்கினேன். அழுது சண்டை போடவில்லை, வீட்டை விட்டுப் போகவில்லை. ஞாயிறு வந்ததும் முக்காடு போட்டுக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டில் மட்டும் வாய் திறந்தேன். பவுண்டரி முதலாளியின் மனைவி பாட்டைத் தொடங்கி நடத்துவார், அது மட்டும் பேச்சு ஆகாது என்று ஏதோ விளக்கம் இருந்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒரு தரம் செய்தி கொடுக்கிற, அதாவது பிரசங்கம் செய்கிற, முறை என் வீட்டுக்காரருக்கு வரும். அவர் படிக்கிற ஆள் இல்லை. முதலிலிருந்தே நான்தான் குறிப்பு எழுதிக் கொடுப்பேன். முன்பெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்து, "இத எங்க டீச்சர்தான் எடுத்துக் குடுத்தாங்க" என்று சிரிப்பார், எல்லாரும் சிரிப்பார்கள். ஒழுங்கு வந்த பிறகு அந்த வாக்கியம் நின்றுவிட்டது. நான் எழுதினது அவர் வாயிலிருந்து அவருடையதாக வந்தது. ஒரு வாரம் என் வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தை உதாரணமாக எழுதியிருந்தேன். அவர் அதைத் தன் பவுண்டரியில் நடந்ததாக மாற்றிச் சொன்னார். கூட்டம் முடிந்து ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரதருக்கு ஆவியானவர் நல்ல வெளிப்பாடு குடுத்திருக்காருங்க" என்றார். நான் பக்கத்தில் டீத் தட்டோடு நின்றேன். என் வீட்டுக்காரர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, கர்த்தருக்கே மகிமை என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வைண்டிங் சிஸ்டருக்கு மட்டும் யாரும் எதையும் சொல்லவில்லை. சகோதரிகள் இனி வாய்விட்டு ஜெபிக்கக் கூடாது என்று சபையில் அறிவித்த ஞாயிறு அவளுக்குப் பட்டறையில் வேலை. அடுத்த வாரம் வந்தவள், ஜெப நேரத்தில் வழக்கம்போல, "ஆண்டவருங்க" என்று ஆரம்பித்தாள். முன் வரிசையில் தலைகள் அசைந்தன. அவள் இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பாள். பெரியவர் ஒரு பாட்டைத் தொடங்கினார். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவள் தன் ஜெபத்தோடு சேர்ந்துதான் பாடுகிறார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது, நிறுத்திவிட்டுக் கூடப் பாடினாள். பாட்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "அது என்னாச்சுங்கன்னா ஆண்டவருங்க..." உடனே அடுத்த பாட்டு.

இரண்டாவது பாட்டில் அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் அவள் பக்கத்து நாற்காலி. அவள் மடியில் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பாடிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் பெரியவர் என்னிடம் வந்தார். "சிஸ்டர், வைண்டிங் சிஸ்டருக்கு நீங்க எடுத்துச் சொல்லணுமுங்க. சகோதரிக்குச் சகோதரி சொல்றதுதான் ஒழுங்கு. நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க."

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். கையில் வார்னிஷ் வாசம் போகவில்லை. எனக்குப் பாயை விரித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

நான் வகுப்பில் பாடம் எடுப்பது மாதிரி சொன்னேன். ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் வைத்திருக்கிறார், அடக்கம் ஒரு அலங்காரம், மனதுக்குள் செய்கிற ஜெபம் வாயால் செய்கிற ஜெபத்தைவிடக் குறைந்ததில்லை. எல்லாம் சரளமாக வந்தது. முப்பது வருஷப் பழக்கம்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "இது அல்லாருக்குமுங்களா, எனக்கு மட்டுமுங்களா?" என்றாள்.

"எல்லா சகோதரிகளுக்கும்தான் கண்ணு. எனக்குமே."

"வேதத்துல அப்படி இருக்குதுங்களா டீச்சருங்க?"

"இருக்குது."

"நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்." அந்த ஒரு வார்த்தைக்கு நான் எங்கே போய்க் கணக்குச் சொல்லப் போகிறேனோ தெரியாது. இன்னொரு இடமும் இருக்கிறது, நானே அதைக் காட்டினவள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"செரிங்க" என்றாள். பிறகு, "மனசுக்குள்ள சொன்னா ஆண்டவருக்குக் கேக்குமுங்க, அது எனக்குத் தெரியும். கம்பி சுத்தற ராட்டையில ஒக்காந்துக்கிட்டு நாள் பூரா அப்படித்தான் பேசிட்டிருக்கறேன். ஆனா உங்களுக்கெல்லாம் கேக்காதுங்களே. அதுக்குத்தானுங்களே நான் ஞாயித்துக்கெழமை வாரது" என்றாள்.

ஆறேழு வாரம் உட்கார்ந்து நாங்கள் நோட்டில் எழுதின எல்லாவற்றையும் அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள் என்று புரிந்தது. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "ஏதாச்சும் இருந்தா என்கிட்ட வந்து சொல்லு அம்மணி" என்று சொல்லி எழுந்தேன். ஆகட்டுங்க என்று வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

அப்புறம் இரண்டு ஞாயிறு வந்தாள். பின் வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டிலும் சேரவில்லை. மூன்றாம் வாரம் நாற்காலி காலி. அவளுக்கு என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டபோது, வேலை இருக்கும் என்று நான்தான் சொன்னேன். பஸ் ஸ்டாப்பிலும் அவளைக் காணோம். பட்டறை வேனில் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்க்கவில்லை. இரண்டு தெரு. பார்க்கப் போனால் என்ன பேசுவது என்ற பயம், அதற்கு வேலை அதிகம், தேர்வு சமயம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாறு மாதம் கழித்துச் சந்தையில் அவளைப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. சேலை முந்தானையை இடது பக்கம் இறுக்கிச் சுற்றியிருந்த விதத்தில் ஏதோ இருந்தது. கேட்டேன். மார்பில் கட்டி, பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள் என்றாள். தக்காளி பொறுக்கிக்கொண்டே சொன்னாள். மூன்று வாரம் படுக்கையில் இருந்திருக்கிறாள். பட்டறையில் கூட வேலை செய்கிற இரண்டு பெண்கள் முறை வைத்து வந்து கூட இருந்திருக்கிறார்கள்.

"ஏன் கண்ணு எங்களுக்குச் சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. நிஜமாகவே யோசித்த மாதிரி இருந்தது. "எங்கீங்க சொல்றது?" என்றாள்.

கட்டி இருப்பது அவளுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். இரண்டாவது பாட்டு பாடின அந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சொல்ல வந்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக இருக்கிறது, யாராவது கூட வந்தால் தேவலை என்று.

நான் சந்தையில் நின்றுகொண்டு மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் வெங்காயம் வாங்கினவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. "அதையெல்லாம் இப்ப எதுக்குங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, சொல்லச் சொன்னாங்க, சொன்னீங்க" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

இப்போது எங்கே போகிறாய் என்று கேட்டேன். நாங்கள் விட்டு வந்த அதே பெரிய சர்ச்சுக்குத்தான் போகிறாளாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அங்கிருந்து சில பெண்கள் வார்டு வார்டாக வந்து ஜெபித்திருக்கிறார்கள். "அங்க புஸ்தகத்துல எழுதி வெச்சிருக்கறத அல்லாரும் சேந்து படிக்கறாங்க டீச்சருங்க. எனக்குப் பாதி புரியாது. ஆனா ஆம்பளை பொம்பளை அல்லாரும் சத்தமாச் சொல்றாங்க. நானும் சொல்றேன்" என்றாள். உயிரில்லாத சடங்கு என்று நாங்கள் ஒதுக்கி வைத்ததில் அவளுக்கு வாய் திறக்க ஒரு இடம் இருந்தது. எழுதி வைத்த வார்த்தை எதற்கு, இருதயத்திலிருந்து வரட்டும் என்று சொன்ன நாங்கள் இருதயத்திலிருந்து வந்ததை நிறுத்தினோம்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். "பாவமுங்க" என்றார். பெரியவருக்குப் போன் செய்தார். அடுத்த ஞாயிறு அவளுடைய சுகத்துக்காகச் சபையில் ஒரு சகோதரர் உருக்கமாக ஜெபித்தார். ‘எங்கள் மத்தியிலிருந்த உம்முடைய அடியாளை நினைத்தருளும்’ என்றார். யாரும் பார்க்கப் போகவில்லை. அவள் வேறு சபைக்குப் போய்விட்டவள் என்பதும் அந்த ஜெபத்துக்குப் பிறகு டீயோடு பேசப்பட்டது.

அதன் பிறகு நான் குறிப்பு எழுதிக் கொடுக்கவில்லை. அறிவித்துவிட்டு நிறுத்தவில்லை. அவர் முறை வந்த வாரம் சனிக்கிழமை, மேஜை மேல் தாள் இல்லை. அவர் இரண்டு முறை மேஜைப் பக்கம் வந்து போனார். கேட்கவில்லை. மறுநாள் எழுந்து ஒரு அதிகாரத்தை வாசித்தார், எட்டு நிமிஷம் ஏதோ பேசினார், உட்கார்ந்தார். காது மடல் சிவந்திருந்தது. பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷமும் அசிங்கமானதுதான். பிறகு அவர் யூடியூபில் கேட்டுக் குறிப்பெடுக்கப் பழகிக்கொண்டார். இப்போது நன்றாகவே பேசுகிறாராம்.

கொரோனா முடிந்து சபை மெயின் ரோட்டில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து அங்கே போனது. எங்கள் ஹால் மறுபடி ஹாலானது. அந்த மாற்றத்தைச் சாக்காக வைத்து நான் நின்றுவிட்டேன். முதல் மாதம் காய்ச்சல் என்றேன், இரண்டாம் மாதம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் பெரியவர் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் தளர்ச்சி வந்துவிட்டது, படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சபை கூடிவருதல விட்டுரக் கூடாதுன்னு வேதம் சொல்லுதுங்களே சிஸ்டர்" என்றார்.

"கூடி வந்தாத்தானுங்க விடறதுக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது. புரியாதவர் இல்லை. வைண்டிங் சிஸ்டருக்காகப் பட்டறை ஓனரிடம் போய் நின்றவர் அவர்தான். "மனுஷங்க தப்புப் பண்ணலாமுங்க. ஒழுங்கு தப்பாகாதுங்க" என்று மெல்லச் சொன்னார். இந்த மனுஷர் ஒரு காலத்தில் ‘சிஸ்டர் சொல்றது சரிதானுங்க’ என்று சொன்னவர் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். காப்பி கொடுத்தேன், குடித்தார், ஜெபித்துவிட்டுப் போனார். நான் சொன்ன பதிலால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அதுதான் மிச்சம்.

எங்கே போகிறாய் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பெரிய சர்ச்சுக்கு ஒரு தரம் போனேன். அவள் தூண் ஓரமாக நின்று எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வார்த்தைகள் சிறுவயதிலிருந்து மனப்பாடம். ஆனாலும் அவள் பக்கத்தில் போய் நிற்கக் கால் வரவில்லை, ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டேன். அடுத்த வாரம் போகவில்லை.

என் வீட்டுக்காரர் இப்போது சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவர். ஞாயிறு காலை சட்டை இஸ்திரி போட்டு வைப்பேன், வேதத்தைப் பையில் வைத்து ஸ்கூட்டரில் போவார். மத்தியானம் வருவார். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. மற்றபடி எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் ஒரு இளம் பெண் என்னிடம் வந்து வணக்கம் சொன்னாள். அந்தச் சபையில் புதிதாகச் சேர்ந்தவளாம், காலேஜ் முடித்து ஐடி கம்பெனியில் வேலை. நன்றாகப் பேசினாள். வேதத்தில் எனக்கு ரொம்பத் தெரியும் என்று யாரோ சொன்னார்களாம். "ஏனுங்க ஆன்ட்டி, நீங்க ஏன் வர்றதில்ல?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். அந்த ஸ்டாப்பில் அரை மணி நேரம் பஸ் வராது, முழுக்கச் சொல்ல நேரம் இருந்தது. அவளுக்கு அது தேவையாகவும் இருந்திருக்கும்.

முட்டி வலி கண்ணு, மாடிப்படி ஏற முடியறதில்ல என்று சொன்னேன்.